அக்குழந்தை செய்த குற்றம் என்ன?

சில மாதங்களுக்கு முன் நண்பர் ஒருவருக்குத் துணையாக ஓர் ஆஸ்பத்திரியின் இயன்முறை சிகிச்சைக் கூடத்தில் ஒரு காலைப் பொழுதைக் கழிக்க நேர்ந்தது. ஆறு வயதுப் பெண் குழந்தை ஒன்றை அதன் தகப்பனார் தோளில் சுமந்துகொண்டு வந்தார். யானை பார்க்கப் போகலாம் என்று சொல்லி அழைத்து வந்தாராம். குழந்தையைப் பாயில் கிடத்தினார்கள். ஒருவர் இடுப்பை அழுத்திப் பிடித்துக்கொள்ள, மற்றொருவர் அதன் இறுகிய கால்களை நீட்டவும் மடக்கவும் தொடங்கினார். அதனோடு ஒருவரும் பேசவில்லை. அதன் தலைக்கு மேலே பெரியவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். அழுது ஓய்ந்த குழந்தை தகப்பனாரைப் பார்த்து, "நான் என்னப்பா தப்பு செஞ்சேன்?" என்று கேட்டது. அவர் பதில் சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வக்கீல் தொழிலில் எத்தனையோ எதிரிகளைக் கூண்டில் கண்டவர் நாம். கொலைக் குற்றம் சாட்டப்பட்டவனுக்குங்கூட, குற்றச்சாட்டை வாசித்துக் காட்டி, அவனுக்கு விளங்கும்படி எடுத்துச் சொல்லி, "நீ என்ன சொல்கிறாய்?" என்று கேட்ட பிறகே விசாரணை நடத்த வேண்டும் என்பது சட்டம். ஒரு குற்றமும் அறியாத குழந்தைக்கோ, வாரந்தோறும், வருஷக்கணக்கில், காரணம் இன்னதென்று ஒரு வார்த்தையும் சொல்லாமல் வலியைக் கொடுத்து வருகிறோம். காரணம் தெரியாத வலியைத் தண்டனை என்றுதான் குழந்தை எடுத்துக்கொள்ளும். தண்டனை உண்டென்றால் குற்றமும் இருக்கத்தானே வேண்டும்? அக்குற்றத்தை அது தன் தேகத்திலேயே தேடிக் கண்டுபிடித்துக்கொள்கிறது.

அக்குழந்தைக்கு இருந்தது மூளை முடக்குவாதம். வளர்ந்து வரும் மூளைக்குப் பிறப்பதற்கு முன்னரோ, பிறக்கும்போதோ, பிறந்த சிறிது காலத்திலோ ஏற்படும் சேதத்தினால் வருவது இது. இது தொற்று நோயன்று. பூர்வ ஜன்ம பாவமுமன்று. தாயார் செய்த தவறுமன்று. மூளையிலுள்ள சேதம் நாளுக்கு நாள் பெருகுவதில்லை. ஆனால் எலும்பு வளரும் வேகத்துக்கு இறுகிய தசை நீளாததால், கவனியாமல் விட்டால் மூட்டுகள் மடங்கி நின்றுவிடும். ஆகவேதான் பயிற்சியும், தசைகளை நீட்டி விடுவதும், காலிப்பரும் வேண்டியிருக்கின்றன. சிகிச்சை அவசியமா என்பதில் நமக்குச் சந்தேகமே இல்லை. அது குழந்தைக்குத் தெரியாமல் நடக்கலாமா என்பதே நம்முடைய கேள்வி.

"குழந்தைக்கு என்ன தெரியும்? சொன்னால் பயந்து வர மறுக்கும்" என்பார்கள். யானையைக் காட்டுவதாகச் சொல்லி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனால், அடுத்த வாரம் அக்குழந்தை யானைக்கும் பயப்படும். தகப்பனாரின் வார்த்தையை எக்காலத்திலும் நம்பாது. வளைந்த பாதத்தோடு பிறக்கும் குழந்தைகளின் விஷயத்தைப் பாருங்கள். அமெரிக்காவில் அயோவா நகரத்து வைத்தியர் பொன்செட்டி வகுத்த முறைப்படி, வாரந்தோறும் மாவுக்கட்டு மாற்றிப் பாதத்தை நேராக்குகிறார்கள். அதன் பிறகு விசேஷமான ஜோடுகளை முதல் மூன்று மாதங்கள் நாளொன்றுக்கு 23 மணி நேரமும், பின்னர் நான்கைந்து வயது வரை இரவு தோறும் அணிந்து வர வேண்டும். பாதம் மறுபடி வளைவதற்கு முக்கிய காரணம் அந்த ஜோட்டை அணியாமல் விடுவதே என்பது வைத்தியர்கள் கண்ட அனுபவம். மூன்று வயதுக் குழந்தை இரவில் அதை ஏன் மாட்டிக்கொள்ள வேண்டும்? அதற்கு விளங்கும்படி பதில் சொன்ன வீட்டில் ஜோடு காலில் இருக்கும். அடித்து மாட்டிய வீட்டில் அது கட்டிலுக்கடியில் கிடக்கும். ஆகவே, விளக்கிச் சொல்வதும் சிகிச்சையின் ஒரு பாகமே.

எப்படிச் சொல்வது? பெரிய சாஸ்திரம் ஒன்றும் வேண்டாம். "உன் மூளை சொல்லும் செய்தி காலுக்குச் சரியாகப் போய்ச் சேருவதில்லை. அதனால் தசை இறுகிக்கொள்கிறது. தினம் நீட்டி விட்டால் அது தளரும். கொஞ்சம் வலிக்கும். தாங்க முடியவில்லையென்றால் 'நிறுத்து' என்று சொல், நிறுத்துவோம்" என்றால் ஆறு வயதுக் குழந்தைக்கு விளங்கும். சொன்னபடியே நிறுத்தவும் வேண்டும். வலது காலா, இடது காலா, எதை முதலில் என்று அதையே தீர்மானிக்கச் சொல்லலாம். பத்து எண்ணும் பொறுப்பை அதனிடமே விடலாம். பொம்மையின் காலுக்கும் ஒரு கட்டுப் போட்டுக் காட்டலாம். அழுதால் அதட்டக் கூடாது. அழாத குழந்தைதான் நல்ல குழந்தை என்று புகழவும் கூடாது.

சொல்லக் கூடாத வார்த்தைகளும் உண்டு. "சீக்கிரம் எல்லாம் சரியாகிவிடும், மற்றப் பிள்ளைகளைப் போல ஓடுவாய்" என்ற வாக்குறுதியை, அன்பினாலேயே ஆனாலும், கொடுக்கலாகாது. மூளை முடக்குவாதத்தை அடியோடு போக்கும் சிகிச்சை இல்லை. உட்காரவும், நிற்கவும், நடக்கவும், எழுதவும் அவரவர் சக்திக்கேற்ற திறனைச் சிகிச்சை வளர்க்கும். பொய் வாக்குறுதியை நம்பிய குழந்தை, பத்து வயதாகியும் ஓட முடியாதபோது, தான் தோற்றுவிட்டதாக நினைக்கும். 'சரியான' தேகம் ஒன்று எங்கேயோ இருக்கிறது, தன்னுடையது தவறானது என்றுதான் அது அத்தனை வருஷமும் பாடம் கேட்டு வந்திருக்கும். இன்று இருக்கிறபடியே உன் தேகம் உன்னுடையது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அதை வலிவாக்கவே பயிற்சி என்று சொல்வதுதான் உண்மை.

இதில் மற்றோர் அபாயமும் அடங்கியிருக்கிறது. எவர் வேண்டுமானாலும் கேளாமல் தொடலாம், உடையைக் களையலாம், வேண்டாமென்று சொன்னாலும் பயனில்லை என்று பழக்கப்பட்ட குழந்தை, தீயவன் ஒருவன் கை வைக்கும்போது எப்படி மறுக்கும்? குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்க 2012-ம் வருஷத்தில் சட்டம் செய்தோம். ஆயினும், "தொடட்டுமா?" என்று கேட்டுவிட்டுத் தொடும் வைத்தியரும், மறைவுக்கு ஒரு திரையுமே அக்குழந்தைக்குக் கிடைக்கும் முதற் பாதுகாப்பு.

நாம் புதிதாக எதையும் கோரவில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ம் வருஷத்தில் நிறைவேறியது. அதன் 4-வது பிரிவு, மாற்றுத்திறன் கொண்ட குழந்தைகள் தங்களைப் பாதிக்கும் எல்லா விஷயங்களிலும் மற்றக் குழந்தைகளுக்குச் சமமாகத் தங்கள் அபிப்பிராயத்தைச் சுதந்திரமாகச் சொல்ல உரிமையுடையவர்கள் என்றும், வயதுக்கும் நிலைமைக்கும் ஏற்ற உதவியை அவர்களுக்கு அளிக்க வேண்டும் என்றும் விதிக்கிறது. விஷயமே தெரியாதவருக்கு அபிப்பிராயம் எங்கிருந்து வரும்? ஆகையால் அறியும் உரிமை அப்பிரிவுக்குள்ளேயே அடங்கியிருப்பதாக நாம் வாதிக்கிறோம்.

குறையுள்ள தேகம் ஒன்றுக்கும் உதவாது என்பாருக்கு வைத்திய சரித்திரமே பதில் கூறும். இந்நோயை 1861-ம் வருஷத்தில் விவரித்துரைத்த லண்டன் வைத்தியர் வில்லியம் ஜான் லிட்டில், இளமையில் நோயினால் தாமே பாதம் வளைந்திருந்தவர். நம் வேலூரில் டாக்டர் மேரி வர்கீஸ் 1954-ம் வருஷத்து மோட்டார் விபத்தில் கால்களின் சக்தியை இழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளரின் கைகளுக்குச் சஸ்திர சிகிச்சை செய்தார். பிறகு மறுவாழ்வு வைத்தியம் கற்று, 1966-ல் வேலூரில் அதற்கென்று ஒரு நிலையம் ஏற்படக் காரணமாயிருந்தார். அவருடைய கால்கள் குணமாகவில்லை. குணமான பிறகுதான் வாழ்வு என்று அவர் காத்திருக்கவுமில்லை. இச்சரித்திரங்களை நம் குழந்தைகளுக்கு யார் சொல்கிறார்கள்?

பொதுக்காரியத்தில் ஈடுபட்ட நேயர்களிடம் இனி ஒரு வார்த்தை. மேடைகளில் நாம் எப்படிப் பேசுகிறோம்? எதிர்க் கட்சியின் சமாதானம் "நொண்டிச் சாக்கு". சர்க்கார் "செவிட்டுச் சர்க்கார்". ஒரு திட்டம் தடைப்பட்டால் அது "முடமாகிவிட்டது". இப்பத்திரிகையும் இக்குற்றத்துக்கு விலக்கல்ல. இதே பத்தியில் நாமே அப்படி எழுதியிருக்கிறோம். காலிப்பர் அணிந்த பையன் கூட்டத்தில் நின்று கேட்கிறான். வீட்டில் பத்திரிகையை எழுத்துக் கூட்டி வாசிக்கிறான். இழிவான எதற்கும் தன் தேகமே உவமையாவதை அவன் கவனிக்க மாட்டானா? அவமானப்படுத்தும் எண்ணத்துடன் மாற்றுத்திறனாளி ஒருவரைப் பிறர் முன்னிலையில் இழிவுபடுத்தினால், அச்சட்டத்தின் 92-வது பிரிவு ஆறு மாதத்துக்குக் குறையாமல் ஐந்து வருஷம் வரை சிறைவாசம் விதிக்கிறது. நம் உவமைகள் அப்பிரிவுக்குள் வாரா என்று வக்கீலாகச் சொல்லிவிடலாம். மனிதராக அப்படிச் சொல்லித் தப்பித்துக்கொள்ள நமக்கு மனமில்லை. இவ்வார்த்தைகளை இனி இப்பத்தியில் உபயோகிப்பதில்லை என்று தீர்மானித்திருக்கிறோம்.

சர்க்காரும் செய்ய வேண்டியது உண்டு. குழந்தைகளின் பிறவிக் குறைகளையும் வளர்ச்சித் தாமதங்களையும் கண்டறியும் திட்டத்தை மத்திய சர்க்கார் 2013-ம் வருஷத்தில் தொடங்கியது. வீடு தேடிச் சென்று இயன்முறை சிகிச்சையும் அளிக்கும் "மக்களைத் தேடி மருத்துவம்" 2021-ல் நம் மாகாணத்தில் ஏற்பட்டது. இவற்றை நாம் பாராட்டுகிறோம். இவற்றோடு, சிகிச்சை இன்னது, ஏன், எவ்வளவு வலிக்கும் என்று குழந்தைக்கே தமிழில் சொல்லும் படப் புத்தகம் ஒன்று ஒவ்வொரு சிகிச்சைக் கூடத்திலும் இருக்கட்டும். பாயில் கிடத்துவதற்கு முன் ஐந்து நிமிஷம் குழந்தையோடு பேசுவது சிகிச்சை விதியாகட்டும். காலிப்பரைப் பற்றி வகுப்பில் பரிகாசம் எழுந்தால் என்ன செய்வது என்று உபாத்தியாயர்களுக்குச் சொல்லிக் கொடுக்கட்டும்.

நாட் கூலியை இழந்து பஸ் ஏறி வரும் தகப்பனாரை நாம் குறை கூறவில்லை. அவருக்கும் ஒருவரும் எதையும் விளக்கிச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அன்று அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்க மாட்டார். "நீ ஒரு தப்பும் செய்யவில்லை, அம்மா. உன் கால் இறுகியிருக்கிறது, அதைத் தளர்த்தவே வந்திருக்கிறோம்" என்று சொல்லக் காசு பணம் வேண்டியதில்லை. அடுத்த வாரமும் அக்குழந்தை அந்தப் பாய்க்குத்தான் வரப் போகிறது. அதற்குள்ளாவது அதன் கேள்விக்கு யாரேனும் பதில் சொல்லிவிட வேண்டும்.