சிலந்தி மனிதனும் ஓர் இருபது டாலர் தாளும்



வழக்கமாகப் பள்ளியைப் பற்றியும் பிள்ளைகளைப் பற்றியும் எழுதுகிறவள், இந்தத் திங்கள் ஒரு திரைப்படத்தைப் பற்றி எழுதுகிறேன். டீச்சருக்கு என்ன ஆயிற்று என்று நினைத்துவிடாதீர்கள். தீபாவளிக்கு அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். அங்கே எழுந்த ஒரு வாதம் இன்னும் மனத்தை விட்டு அகலவில்லை.

அண்ணன் மகன் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். சாகச வீரர் படங்கள் என்றால் அவனுக்கு உயிர். பகல் சாப்பாடு முடிந்து எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது, "அத்தை, இரண்டாம் பாகமா வந்த படங்கள்ல எது சிறந்தது, சொல்லுங்க பார்ப்போம்" என்று கேட்டான்.

நான் யோசிக்கவே இல்லை. "2004-இல் வந்த ஸ்பைடர்மேன் 2. அதை மிஞ்சி இன்னும் ஒன்று வரவில்லை" என்றேன்.

அவன் சிரித்தான். "நீங்க படிக்கிற காலத்துல பார்த்த படம் அத்தை. அதனாலதான் உங்களுக்கு அப்படித் தோணுது."

அந்தச் சொல் கொஞ்சம் சுட்டது. அதில் உண்மை இல்லாமலும் இல்லை. அப்போது நான் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி மாணவி. தோழிகளுடன் பட்டணத்துத் திரையரங்கில் அந்தப் படத்தைப் பார்த்தேன். இளம் வயதில் தின்ற பலகாரம் எல்லாமே நினைவில் இனிக்கத்தான் செய்யும். ஆகவே என் நினைவை ஒதுக்கி வைத்துவிட்டு நியாயத்தை மட்டும் பார்ப்போம் என்று இறங்கினேன்.

அவன் தன் கட்சியை நன்றாகவே எடுத்து வைத்தான். அவன் சொன்ன படம், கிறிஸ்டோபர் நோலன் இயக்கி 2008-இல் வந்த தி டார்க் நைட். 2005-இல் வந்த பேட்மேன் படத்தின் தொடர்ச்சி அது. அதில் ஜோக்கராக நடித்த ஹீத் லெட்ஜர், படம் திரைக்கு வருமுன்பே காலமானார். மறைந்த பிறகு, 2009-இல் சிறந்த துணை நடிகருக்கான ஆஸ்கார் விருது அவருக்கு அளிக்கப்பட்டது. "அப்படி ஒரு வில்லன் உங்க படத்துல உண்டா?" என்று கேட்டான். இல்லைதான். ஒப்புக்கொண்டேன்.

இன்னும் சில குறைகளையும் நானே சொன்னேன். ஸ்பைடர்மேன் 2 தந்திரக் காட்சிகளுக்காக ஆஸ்கார் பெற்ற படம். ஆனாலும் சில இடங்களில் கட்டடத்துக்குக் கட்டடம் தாவுவது மனிதனல்ல, கணினிப் பொம்மை என்பது இன்றைய கண்ணுக்குத் தெரிகிறது. கதாநாயகி மேரி ஜேன், இந்தப் படத்திலும் வில்லன் தூக்கிக்கொண்டு போவதற்கென்றே இருக்கிறாள். கல்யாண நாளன்று மாப்பிள்ளையை விட்டுவிட்டுக் காதலனிடம் ஓடி வருகிறாள். அந்த மாப்பிள்ளை செய்த குற்றம் என்ன? அதைப் பற்றிப் படத்தில் எவருக்கும் கவலை இல்லை.

இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பிறகும் என் தீர்ப்பு மாறவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

ஒருவன் எப்படி வீரனானான் என்று சொல்வது முதல் பாகத்தின் வேலை. இரண்டாம் பாகத்துக்கு அந்தக் கதை மிச்சமில்லை. அதனால் பலரும் பகைவரைப் பெருக்குகிறார்கள், வெடிகுண்டைப் பெருக்குகிறார்கள். இயக்குநர் சேம் ரெய்மி வேறொன்று கேட்டார்: வீரனாக இருப்பதற்கு ஒருவன் தன் கையிலிருந்து எவ்வளவு கொடுக்க வேண்டியிருக்கிறது?

டோபி மகுவயர் நடித்த பீட்டர் பார்க்கரைப் பாருங்கள். பீட்சா கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை, வழியில் இரண்டு பிள்ளைகளைக் காப்பாற்றப் போய் நேரம் தவறுகிறது, வேலையும் போகிறது. வாடகை பாக்கி. கல்லூரி வகுப்புக்குத் தாமதம். சலவைக் கடையில் தன் சிலந்தி உடையை மற்றத் துணிகளோடு போட, சாயம் எல்லாவற்றிலும் ஏறிவிடுகிறது. ஊரையே காப்பாற்றுகிறவனுக்கு ஒரு வெள்ளைத் துணி மிச்சமில்லை!

கடைசியில் அவன் சலித்துப்போய் அந்த உடையைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு நடக்கிறான். இது படத்துக்காகப் புதிதாகக் கற்பித்ததல்ல. ஸ்டான் லீயும் ஸ்டீவ் டிட்கோவும் 1962-இல் உருவாக்கிய வீரன் இவன். 1967-இல் வந்த 50-ஆம் இதழிலேயே உடையைத் தொட்டியில் எறிந்துவிட்டுப் போவான். ஆனால் படத்தில் அதற்குப் பின் வருவதுதான் முக்கியம். பாடம் நன்றாக ஏறுகிறது. முகத்தில் சிரிப்பு வருகிறது. பிறகு ஒரு நாள் தீப்பிடித்த வீட்டுக்குள் சக்தி இல்லாமலே புகுந்து ஒரு சிறுமியைக் காப்பாற்றுகிறான். வெளியே வந்தபின், மேல் மாடியில் வேறொருவர் சிக்கி இறந்துவிட்டது காதில் விழுகிறது. விலகிக்கொள்ள அவனுக்கு உரிமை உண்டு. அந்த உரிமைக்கு விலையும் உண்டு.

"சூப்பர்மேன்கூடக் காதலுக்காகச் சக்தியை விட்டுக் கொடுப்பாரே அத்தை" என்றான் மருமகன். சரிதான். 1980-இல் வந்த சூப்பர்மேன் 2 அந்தக் கதைதான். ஆனால் அதன் முடிவு என்ன? அவர் ஒரு முத்தம் கொடுத்ததும் காதலிக்கு நடந்ததெல்லாம் மறந்துபோகிறது. பட்ட கடனைத் தீர்க்காமல் கணக்குப் புத்தகத்தையே கிழித்துப் போட்டதுபோல் ஆகிவிட்டது. ஸ்பைடர்மேன் 2-இல் எதுவும் மறப்பதில்லை.

டார்க் நைட்டுக்கும் இதற்கும் நேருக்கு நேர் ஓர் ஒப்பீடு உண்டு. அதில் இரண்டு பயணக் கப்பல்கள். ஒன்றில் சாதாரண மக்கள், மற்றொன்றில் கைதிகள். மற்றக் கப்பலை வெடிக்கச் செய்யும் விசை ஒவ்வொரு கப்பலிலும் இருக்கிறது. இரு பக்கத்தாரும் அதை அழுத்தவில்லை. மிக நல்ல காட்சி. இங்கே ஒரு ரயில். பிரேக் போய்த் தறிகெட்டு ஓடும் ரயிலைப் பீட்டர் தன் உடம்பைக் கொடுத்து நிறுத்திவிட்டு மயங்கி விழுகிறான். முகமூடி இல்லை. பயணிகள் அவனைத் தலைக்கு மேல் ஏந்தி உள்ளே கொண்டுபோய்க் கிடத்துகிறார்கள். இவன் சின்னப் பையனாயிற்றே என்று ஒருவர் வியக்கிறார். இரண்டு சிறுவர் முகமூடியைத் திருப்பிக் கொடுத்து, யாரிடமும் சொல்லமாட்டோம் என்கிறார்கள். டாக்டர் ஆக்டோபஸ் வந்து நிற்கும்போது அந்தச் சாதாரண மக்கள், ஒருவர் பின் ஒருவராக, பையனுக்கு முன்னால் போய் நிற்கிறார்கள். அவன் எல்லாரையும் ஒதுக்கித் தள்ளிவிடுகிறான். அவர்கள் தோற்றார்கள், ஆனாலும் நின்றார்கள்.

கப்பலில் இருந்தவர்கள் தீமை செய்யாமல் இருந்தார்கள். ரயிலில் இருந்தவர்கள் எழுந்து வந்தார்கள். எனக்கு இரண்டாவதுதான் பெரிது.

பன்னிரண்டு வயது மருமகள் அதுவரை பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். "அப்போ 2021-இல் வந்த நோ வே ஹோம்? அதுல மே அத்தையே இறந்துடுவாங்க. கடைசியில உலகத்துல எல்லாருக்கும் பீட்டரை மறந்துடும். அதைவிடப் பெரிய இழப்பு உண்டா?" என்றாள். அன்று கேட்ட கேள்விகளில் இதுதான் கடினமானது. நான் கொஞ்ச நேரம் பதில் சொல்லவில்லை. அதில் ஆல்ஃபிரெட் மொலினாவே 17 ஆண்டுகளுக்குப் பிறகு மறுபடியும் டாக்டர் ஆக்டோபஸாக வந்தார். பழைய டோபி மகுவயரும் வந்தார். இழப்பு பெரிதுதான். ஆனால் உலகம் அவனை மறப்பது ஒரு மந்திரத்தால். எங்கள் பழைய படத்தில் மந்திரம் இல்லை. ஒரு மேசை, இரண்டு பேர், அவ்வளவுதான்.

பேசிப் பயனில்லை, பார்த்துவிடுவோம் என்று படத்தையே போட்டோம். அம்மாவும் வந்து உட்கார்ந்தார். எழுபதைத் தாண்டியவர், வேலை செய்த காலமெல்லாம் பால்மரம் வெட்டியவர். ஆங்கிலம் தெரியாது. கீழே ஓடும் மலாய் எழுத்தையும் படிக்க மாட்டார்.

பீட்டரின் பிறந்த நாள். ரோஸ்மேரி ஹாரிஸ் நடித்த மே அத்தைக்கு வீட்டுக் கடன் கழுத்தை நெரிக்கிறது. இருந்தும் ஓர் இருபது டாலர் தாளை எடுத்து அவன் கையில் கொடுக்கிறார். அவன் வேண்டாம் என்கிறான். அத்தை சட்டென்று குரலை உயர்த்திவிடுகிறார். பிறகு அதற்காக வருந்துகிறார்.

"வாங்கிக்கிட்டா என்னவாம் அந்தப் பையனுக்கு?" என்றார் அம்மா. "அந்தம்மா கையிலயே காசு இருக்காது போலிருக்கு. அதுக்குத்தான் கோவம்."

யாரும் அவருக்கு விளக்கிச் சொல்லவில்லை. நான் பயிற்சிக் கல்லூரிக்குத் திரும்பும் ஒவ்வொரு முறையும் பேருந்து நிறுத்தத்தில் பத்து வெள்ளியை என் கையில் திணித்தவர் அவர். ஒரு முறை நான் மறுத்துவிட்டேன். அன்று அவர் என்மேல் எரிந்து விழுந்ததற்குக் காரணம் எனக்குத் திரையரங்கில்தான் புரிந்தது.

பிறகு மேசைக் காட்சி வந்தது. சித்தப்பா பென் இறந்ததற்குத் தானும் காரணம் என்று, கொலைகாரனை ஓடவிட்டவன் தான்தான் என்று, பீட்டர் வாய்விட்டுச் சொல்கிறான். அத்தை திட்டவில்லை, அழுது புரளவில்லை. அவன் கையின் கீழிருந்த தன் கையை மெல்ல இழுத்துக்கொண்டு மாடி ஏறிப் போகிறார். கூடத்தில் ஒரு சத்தமும் இல்லை. கைப்பேசியை நோண்டிக்கொண்டிருந்த சின்னவளும் தலை நிமிர்ந்து பார்த்தாள். அவள் இந்தப் படத்தை இளமை நினைவோடு பார்க்கவில்லை. படம் வந்தபோது அவள் பிறக்கவே இல்லை.

மருமகன் கட்சி மாறவில்லை. "இருந்தாலும் ஜோக்கர் ஜோக்கர்தான்" என்றான். மாறட்டும் என்று நானும் எதிர்பார்க்கவில்லை. நல்ல வாதத்தில் இரண்டு பக்கமும் கொஞ்சம் தெளிந்தால் போதும்.

மாலையில் அவன் பல்கலைக்கழகத்துக்குப் புறப்பட்டான். வாசலில் அம்மா இடுப்பிலிருந்த சுருக்குப் பையை அவிழ்த்து, பத்து வெள்ளித் தாள் ஒன்றை அவன் கையில் வைத்தார். இன்றைக்குப் பத்து வெள்ளியில் ஒரு வேளைச் சாப்பாடுகூடச் சரியாக வராது. வேண்டாம் பாட்டி என்று சொல்லத்தான் அவன் வாயெடுத்தான். என்ன நினைத்தானோ, ஒரு முறை என்னைப் பார்த்தான். பேசாமல் வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

உங்கள் வீட்டில் எந்தப் படத்துக்கு வெற்றி? காரணத்தோடு எழுதுங்கள். அடுத்த இதழில் சந்திப்போம்.