கதாநாயகன் யாவன்?

வில்லியனூரிலிருந்தும் பாகூரிலிருந்தும் நாடோறும் பேருந்தேறிக் கல்லூரிக்கு வரும் நம்மவருட் பலர், வழியெல்லாம் கைப்பேசியிற் காதற்கதைகளையே வாசிக்கின்றனர். யாமும் வாசிக்கின்றோம், மறைப்பானேன்? அவற்றுட் பலவற்றில் வரும் நாயகன் பெருஞ்செல்வன், முன்கோபி. நாயகி வேண்டாமென்ற பின்னும் விடாது தொடர்வான், மிரட்டுவான், சில கதைகளிற் கையும் ஓங்குவான். கடைசி அத்தியாயத்தில் அவள் மனமிரங்கி அவனை ஏற்றுக்கொள்வாள். இவனையா நாயகன் என்பது?

தலைவனுக்கும் தலைவிக்கும் அமையவேண்டிய ஒப்புமைகளைத் தொல்காப்பியர் பத்தென வகுத்தார். குடியும் ஆண்டும் உருவும் செல்வமும் மட்டுமன்றி, நிறையும் அருளும் உணர்வும் அவற்றுள் அடங்கும். தலைவன் மிக்கவனாயினும் குற்றமில்லை என்று வேறோரிடத்தில் இசைந்துமிருக்கிறார். நம் கதையாசிரியர்களோ அச்சலுகையை மட்டும் இறுகப் பற்றிக்கொண்டு ஒப்பினைக் கைவிட்டனர்.

1879-ஆம் ஆண்டில் வெளிவந்த முதற்றமிழ் நாவலாகிய ‘பிரதாப முதலியார் சரித்திர’த்தின் நாயகன் அத்தகையனல்லன். இளமையிற் பாடத்துக்கு அஞ்சிய செல்லப்பிள்ளை. அவனுக்குரிய அடியைக் கனகசபை வாங்குவான். பின்னர் அவன் சிறைப்பட, ஆணுடை தரித்து அரசாளும் ஞானாம்பாளே அவனை மீட்கிறாள். இவற்றையெல்லாம் அவனே தன் வாயாற் கூசாமல் உரைக்கிறான். மனைவியின் அறிவைச் சொல்லுமிடத்து அவனுக்கு மகிழ்ச்சி பொங்குகிறது. அதனாலேயே அவனை வெறுக்க முடிவதில்லை.

நம் புதுவையிற் பிறந்த பாரதிதாசனாரின் ‘புரட்சிக்கவி’யை எடுத்துக்கொள்வோம். உதாரன் பொருளில்லாத கவிஞன். இளவரசி அமுதவல்லிக்குக் கவி கற்பிக்க வந்தவன். ஆசிரியன் குருடனென்று அவளிடமும், மாணவி தொழுநோயுற்றவளென்று அவனிடமும் பொய்யுரைத்து இடையே திரை கட்டுவிக்கிறான் அரசன். ஓரிரவு உதாரன் நிலவைப் பாடுகிறான். குருடன் நிலவை எவ்வாறு பாடுவானென ஐயுற்றுத் திரையை விலக்குபவள் அமுதவல்லி. அவன் அவளைத் துரத்தவில்லை, மயக்கவுமில்லை; தன் தொழிலைச் செய்துகொண்டிருந்தான். பின்பு கொலைக்களத்தில் நின்றபோதும் அவனிடம் இருந்தது சொல் ஒன்றே.

கதை கதையாகவே நின்றுவிடுமாயின் யாம் இத்துணை வருந்தோம். வேண்டாமென்று தெளிவாகச் சொன்ன ஒருத்தியைப் பேருந்து நிறுத்தத்தில் மாதக்கணக்காய்த் தொடர்ந்து நின்ற இளைஞன் ஒருவனை யாம் அறிவோம். தோழர்கள் அவனை ‘ஈரோ’ என்றே அழைத்தனர். யாமும் உடனிருந்து சிரித்தோம். அவள் இப்பொழுது ஒரு மணி நேரம் முந்திய பேருந்தில், விடியுமுன்னே புறப்பட்டு வருகிறாள்.