மூன்று வருட ஞாயிற்றுக்கிழமைகள்

ஒன்றை இரட்டித்தால் இரண்டு; அதனை இரட்டித்தால் நான்கு. இவ்வாறு 67 தடவை இரட்டித்து, இறுதியில் ஒன்றைக் கழித்துவிடுங்கள். கிடைப்பது 147,573,952,589,676,412,927. இருபத்தோர் இலக்கங்கள் கொண்ட இவ்வெண், முதன்மை எண் என்ற வேடத்தில் நெடுங்காலம் உலாவியது.

வேடம் கட்டிவிட்டவர் பாரிஸ் நகரத்துத் துறவியான மெர்சென். இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு தடவை இரட்டித்து ஒன்றைக் கழித்தால் வருவன 3, 7, 31, 127. யாவும் முதன்மை எண்களே. பதினொரு தடவை இரட்டித்தாலோ 2047 வரும். அது 23ஐ 89ஆற் பெருக்கிய தொகை. எனவே எந்தத் தடவைகள் முதன்மை எண்ணைத் தரும் என்று 1644இல் அவர் ஒரு பட்டியல் வெளியிட்டார். அதில் 67உம் இருந்தது. சான்று மட்டும் இல்லை.

1876இல் பிரெஞ்சுக் கணித அறிஞர் லூக்காஸ், அவ்வெண் முதன்மை எண் அன்று என நிறுவினார். ஆயினும் அதன் காரணிகள் எவை என்பதை அவராற் கூற முடியவில்லை. வீட்டினுள்ளே கள்வன் இருக்கிறான் என்று நிரூபித்துவிட்டு, அவன் பெயரைச் சொல்லாது போனதைப் போன்றது அது!

1903 ஒக்டோபர் 31ஆம் நாள் நியூயோர்க்கில் அமெரிக்கக் கணிதக் கழகம் கூடியது. பேராசிரியர் பிராங்க் நெல்சன் கோல் எழுந்து கரும்பலகையை அணுகினார். வாய் திறவாமலே 67 தடவை இரட்டித்து, ஒன்றைக் கழித்தார். பின்பு வெறுமையாய் இருந்த மறுபக்கத்தில் 193,707,721 என்பதையும் 761,838,257,287 என்பதையும் எழுதிப் பெருக்கினார். இருபுறமும் ஒரே விடை! ஒரு சொல்லும் பேசாது தம் ஆசனத்தில் அமர்ந்தார். சபை கரகோஷம் செய்தது.

இதனைக் கண்டுபிடிக்க எவ்வளவு காலம் சென்றது என்று 1911இல் ஈ. ரி. பெல் என்பவர் வினவ, மூன்று வருட ஞாயிற்றுக்கிழமைகள் என்றாராம் கோல். பெல் கதை சொல்வதில் வல்லவர். சிறிது உப்பும் புளியும் சேர்ந்திருக்கலாம். கணக்கில் மட்டும் பிசகில்லை.

அத்தனை ஞாயிறுகள் எதற்கு? இவ்வெண்ணின் முதன்மைக் காரணி எதுவாயினும், அதனை 134ஆல், அதாவது 67இன் இருமடங்கால், வகுத்தால் ஒன்றே மீதியாகும். (2047இன் காரணிகளான 23ஐயும் 89ஐயும் 22ஆல் வகுத்துப் பாருங்கள்.) இவ்விதிக்கு அமைந்த எண்களை வரிசையாகச் சோதித்துச் சென்றால், சிறிய காரணி 14,45,580ஆவது எண்ணாகவே அகப்படும்! கோல் நுட்பமான வேறு வழிகளாலும் தேடலைச் சுருக்கினார். அப்படியிருந்துமே அத்தனை காலம். இன்றைய கணினிக்கு இது கண்ணிமைப் பொழுது வேலை.

மாணவர்களே, இன்றும் ஞாயிறுதானே? தாளும் பென்சிலும் எடுத்துக் கோலின் பெருக்கலை நீங்களே செய்து பாருங்கள். சிறிய காரணியாற் பெருக்கினால் எட்டு வரிகள் போதும், ஓர் இலக்கம் சைபர் ஆகையால். அவற்றுள் ஏழாற் பெருக்கும் வரி மூன்று தடவை வருகிறது. ஒருமுறை பெருக்கிவிட்டு மற்றைய இரண்டையும் பார்த்தெழுதலாம்.