செத்துப்போன சிம்மும் சாகாத கொன்ராக்டும்

"சொந்தக்காரர் நேரில வரவேணும்." இந்த ஒரு வசனத்துக்கு எதிராகத்தான் இந்தக் கட்டுரையை எழுதுறம்.

எங்கட குழுவைத் தொடங்கினவர்களில் கனபேர் இப்ப குடாநாட்டில் இல்லை. லண்டன், ரொறன்ரோ, டோஹா, ஜேர்மனி என்று சிதறிப்போய்க் கிடக்கினம். படிக்கப் போனவை, வேலைக்குப் போனவை, கலியாணம் கட்டிப் போனவை. போன் நம்பரால் ஏதும் கரைச்சல் பட்டனீங்களோ என்று எங்கட வட்ஸ்அப் குழுவில் ஒருநாள் கேட்டம். அன்றிரவு முழுக்க போன் அடித்துக்கொண்டே இருந்தது. வந்த கதைகளை வாசித்தபோது அவை இரண்டு வகையாகப் பிரிந்தன. ஊரில் விட்டுட்டுப் போன நம்பர் சொல்லாமல் கொள்ளாமல் செத்துப்போனது ஒன்று. போன இடத்தில் எடுத்த கொன்ராக்ட் என்ன செய்தாலும் சாகமாட்டன் என்று நின்றது மற்றது. இரண்டிலும் மாட்டுப்பட்டது ஒரே ஆக்கள்தான்.

முதலாவதைப் பார்ப்பம். எங்கட நண்பன் ஒருவன், வடமராட்சிப் பெடியன், இங்கிலாந்தில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறான். ஊரில் வேலை பார்த்த காலத்துச் சேமிப்பும் பிறகு அனுப்பிய காசும் யாழ்ப்பாணத்து வங்கி ஒன்றில் அவன் பேரில் கிடக்கிறது. அங்கிருந்தபடியே வங்கியின் செயலியால் மாதாமாதம் அம்மாவின் கணக்குக்கு மாற்றுவான். போன் விழுந்து உடைந்தது. புதுப் போனில் செயலியைப் போட்டால் பழைய இலங்கை நம்பருக்கு ஓடிபி அனுப்புகிறோம் என்றது. அந்த நம்பர் ப்ரீபெய்ட். ரீலோட் பண்ணாமல் விட்டதால் காலாவதியாகிப்போய்க் கிடந்தது.

அம்மா காசோடு கடைக்குப் போனா. "இது இப்ப பாவனையில இல்லை, ரீலோட் பண்ண ஏலாது." கம்பனியின் கிளைக்குப் போனா. "சொந்தக்காரர் அடையாள அட்டையோட நேரில வரவேணும்." சரி, நம்பரை மாற்றித் தாருங்கோ என்று வங்கிக்குப் போனா. அங்கேயும் அதே வசனம். கடைசியில் வங்கி ஒரு வழி சொன்னது: லண்டனில் உள்ள உயர்ஸ்தானிகராலயத்தில் அத்தாட்சிப்படுத்திய அற்றோணித் தத்துவம் அனுப்பினால் யோசிக்கலாமாம். லீட்ஸில் இருந்து லண்டனுக்கு ரயில் காசு, ஒருநாள் சம்பளம், அத்தாட்சிக் கட்டணம், கடிதம் அனுப்புகிற செலவு. அதற்கிடையில் அம்மாவுக்குக் கண்ணில் வெண்புரை சத்திரசிகிச்சைக்குத் திகதி வந்துவிட்டது. சங்கிலியை அடகு வைத்தா. மகனுடைய காசு வீட்டில் இருந்து மூன்று கட்டை தூரத்தில் கிடக்க, அதுக்கு வட்டி கட்டி வேறு காசு எடுத்த கதை இது.

கம்பனிக்காரர் சட்டப்படி பிழை ஒன்றும் செய்யவில்லை என்பதுதான் இங்கே எரிச்சல். சிம் வாங்கும்போது கையெழுத்து வைத்த தாளில் எல்லாம் இருக்கிறது. யார் வாசித்தது? வாசித்திருந்தாலும் எந்த வரியை மாற்றித் தரச் சொல்லிக் கேட்டிருக்கலாம்? ஒரு பக்கம் மட்டும் எழுதி, மற்றப் பக்கம் கையெழுத்து மட்டும் வைக்கிறதை ஒப்பந்தம் என்று சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை.

"நம்பர் மட்டுப்படுத்தப்பட்ட வளம், பாவிக்காததைத் திருப்பி எடுக்கத்தானே வேணும்" என்று ஒரு வாதம் இருக்கிறது. கணக்குப் பார்ப்பம். 070, 071, 072, 074, 075, 076, 077, 078 என்று எட்டுத் தொடக்க எண்கள் இலங்கையில் கைபேசிக்கு உண்டு. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஏழு இலக்கம், அதாவது ஒரு கோடி நம்பர். மொத்தம் எட்டுக் கோடி. 2024 குடிசன மதிப்பீட்டின்படி நாட்டின் சனத்தொகை 2 கோடி 17 லட்சம் சொச்சம். பிறந்த குழந்தைக்கும் சேர்த்து ஆளுக்கு இரண்டு சிம் கொடுத்தாலும் நாலரைக் கோடியைத் தாண்டாது. தட்டுப்பாடு எங்கே இருக்கிறது? அதோடு இந்த இலக்கங்கள் கம்பனிகள் உற்பத்தி செய்த பொருளும் இல்லை. நாட்டின் இலக்கத் திட்டத்தில் இருந்து தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு பகிர்ந்து கொடுப்பவை. பொதுச்சொத்தை வாங்கி எங்களுக்கு வாடகைக்கு விடுகிறார்கள், வாடகை பிந்தினால் வீட்டோடு சாமானையும் சேர்த்து அடுத்தவனுக்குக் கொடுக்கிறார்கள்.

சாமான் என்று சும்மா சொல்லவில்லை. நம்பர் என்பது முந்தி ஆளோடு கதைக்கிறதுக்கு மட்டும்தான். 1990 இல் சண்டை திரும்பத் தொடங்கினபிறகு குடாநாட்டில் மின்சாரமும் இல்லை, தொலைபேசியும் இல்லை. வெளிநாட்டில் இருந்த பிள்ளையின் குரலைக் கேட்க கிளாலி கடந்து வவுனியாவுக்கோ கொழும்புக்கோ போய், லொட்ஜில் நின்று அழைப்புக்குக் காத்திருந்த தாய்தகப்பன்களின் பிள்ளைகள் நாங்கள். அந்தக் காலத்தில் நம்பர் தொலைந்தால் தொலைந்தது ஒரு அழைப்பு. இப்ப அதே பத்து இலக்கத்தில் வங்கி, வட்ஸ்அப், மின்னஞ்சலின் கடவுச்சொல் எல்லாம் தொங்குது. அந்த நம்பரை வேறொருவருக்கு விற்கும்போது, வாங்குகிறவர் தெரிந்தோ தெரியாமலோ முந்தினவரின் திறப்புக்கோர்வையையும் சேர்த்து வாங்குகிறார். பாவம், அவருக்கும் யாரோ ஒருவருடைய கடன் வசூல் அழைப்பும் மாமியின் "சாப்பிட்டியா ராசா"வும் வந்துகொண்டே இருக்கும்.

வேற நாட்டில் இதை எப்படிச் செய்கிறார்கள்? தூரம் போகத் தேவையில்லை, பாக்குநீரிணைக்கு அங்காலை பாருங்கோ. 2013 இல் இந்திய ஒழுங்குமுறை ஆணையம் விதி கொண்டுவந்தது. ப்ரீபெய்ட் நம்பரை 90 நாள் முற்றாகப் பாவிக்காமல் விட்டால் ஒழியத் துண்டிக்கக்கூடாது. அப்போதும் சிம்மில் 20 ரூபா மிச்சம் இருந்தால் அதை எடுத்துக்கொண்டு நம்பரைத் தொடர்ந்து வைத்திருக்க வேணும். அதுவும் இல்லையென்றால் பதினைந்து நாள் சலுகைக் காலம். பெரிய புரட்சி ஒன்றும் இல்லை. ஆனால் அது ஒவ்வொரு கம்பனியும் தன் பாட்டுக்கு வைக்கிற கணக்கு இல்லை, ஒழுங்குமுறை ஆணையம் எழுதிய விதி. கம்பனி பிடிக்கவில்லை என்றால் அதே நம்பரோடு வேறு கம்பனிக்கு மாறுகிற வசதி இந்தியா முழுக்க 2011 ஜனவரியில் வந்தது. எங்களுக்கு அது பல வருடமாக "வருது வருது" கதை. இதற்கிடையில் 2018 இல் எட்டிசலாட்டை ஹட்ச் வாங்கியது, 2024 இல் எயார்டெல் லங்காவை டயலொக் வாங்கியது. ஐந்து கைபேசிக் கம்பனி மூன்றாகிவிட்டது. ஆள் குறையக் குறைய ஆருக்கு எங்கட தயவு தேவை?

வங்கிகளையும் இதில் விடமாட்டம். குறுஞ்செய்தியில் ஓடிபி அனுப்புவது பலவீனமான பாதுகாப்பு என்று அமெரிக்காவின் தரநிலை நிறுவனமான நிஸ்ட் 2017 இலேயே தன் வழிகாட்டலில் அதைக் கட்டுப்பாட்டுக்குரிய முறை என்று வகைப்படுத்திவிட்டது. சிங்கப்பூரில் செயலிக்குள்ளேயே டிஜிட்டல் டோக்கன் வைத்திருப்பவர்கள் உள்நுழைவதற்கு ஓடிபியை நிறுத்தப்போவதாக அங்குள்ள நாணய அதிகாரசபையும் வங்கிகளும் 2024 ஜூலையில் அறிவித்தன. இங்கே? வெளிநாட்டில் இருந்து 2024 இல் இந்த நாட்டுக்கு வந்த காசு 650 கோடி டொலருக்கு மேலே. விமான நிலையத்தில் "எமது வீரர்களே" என்று பதாகை தொங்கும். அந்த வீரர் தன் சொந்தக் கணக்குக்குள் போக ஒரு செத்த சிம்மை உயிர்ப்பிக்க வேணும்.

இனி மற்றப் பக்கம். இங்கிலாந்தில் முதுமாணி என்றால் பெரும்பாலும் ஒரு வருடம். போன் கொன்ராக்ட் 24 மாதம். கடைக்காரர் பாஸ்போட்டைப் பார்க்கிறார், விசாவைப் பார்க்கிறார், விசா முடிகிற திகதி அதில் வடிவாக இருக்கிறது. பிறகும் 24 மாதத்துக்குக் கையெழுத்து வாங்குகிறார். படிப்பு முடிந்து, வேலை கிடைக்காமல், ஊருக்கு வர நிற்கிற பிள்ளை அழைத்துக் கேட்டால் "மிச்ச மாதக் காசை மொத்தமாகக் கட்டிவிட்டு நிறுத்தலாம்" என்கிறார்கள். நாட்டை விட்டே போறன் என்றால் நாட்டை விட்டுப் போவது உங்கட தனிப்பட்ட விஷயமாம். எங்களில் ஒருத்திக்கு இது நடந்தது. வங்கிக் கட்டளையை நிறுத்திப்போட்டு வந்துவிட்டாள். கடன் தவறியவர் என்று பதிவாகிவிட்டது. அந்தப் பதிவு அங்கே ஆறு வருடம் கிடக்கும். திரும்பப் போய் ஒரு வீடு வாடகைக்கு எடுக்கவும் அது குறுக்கே நிற்கும்.

"வாசிக்காமல் கையெழுத்து வைத்தது ஆர்ற பிழை?" என்று ஊரில் பெரியாக்கள் கேட்பினம். கேளுங்கோ. ஆனால் கனடாவில் அதே கேள்வியை அரசாங்கம் மற்றப் பக்கம் திருப்பிக் கேட்டது. 2013 டிசம்பர் 2 இல் நடைமுறைக்கு வந்த வயர்லெஸ் கோட் என்ற விதிக்கோவையின்படி, போனுக்குக் கொடுத்த கழிவு மாதாமாதம் குறைந்து, அதிகபட்சம் 24 மாதத்தில் பூச்சியமாக வேணும். அதற்குப் பிறகு தண்டம் இல்லாமல் விலகலாம். 2017 டிசம்பரில் இருந்து போனைப் பூட்டி விற்கவும் கூடாது. அந்த விதிகளை எழுத முன் பொதுமக்களிடம் கருத்துக் கேட்டார்கள், சாதாரண ஆக்கள் தங்கட பில்லைப் பற்றி எழுதினார்கள். ஜேர்மனியில் முந்தி குறித்த திகதிக்கு முன் கடிதம் போடாவிட்டால் கொன்ராக்ட் தானாகவே இன்னொரு வருடம் நீளும். 2021 டிசம்பர் 1 இல் இருந்து முதல் தவணை முடிந்தபிறகு ஒரு மாத அறிவித்தலோடு எந்த நேரமும் விலகலாம். இங்கிலாந்தும் 2025 ஜனவரி 17 இல் இருந்து, இடையில் விலை கூட்டுவதென்றால் எத்தனை பவுண் எத்தனை பென்ஸ் என்று கையெழுத்துக்கு முன்னமே சொல்லச் சொல்லிவிட்டது. ஒரு கம்பனியும் தானாக மனம் இரங்கிச் செய்தது இல்லை இது.

இன்னொரு விஷயமும் சொல்லவேணும், சிலருக்குப் பிடிக்காமல் போகலாம். இந்தக் கொன்ராக்ட் வாசலுக்குள் நுழையமுடியாத ஆக்களை வைத்துப் பெரிய வியாபாரம் கட்டினவர்களில் எங்கட ஆக்களும் உண்டு. 2001 இல் மூன்று ஈழத் தமிழர்கள் தொடங்கிய லெபாராவும், 2006 இல் தொடங்கிய லைக்காமொபைலும் கடன் வரலாறு இல்லாத, வங்கிக் கணக்கு இல்லாத புலம்பெயர்ந்தவருக்கு "கொன்ராக்ட் வேண்டாம், காசு போட்டால் கதை" என்று சிம் விற்றன. அது ஒரு உண்மையான தேவையை நிரப்பியது, மறுக்கவில்லை. ஆனால் அடைத்த கதவுக்குப் பக்கத்தில் ஒரு யன்னலைத் திறந்து காசு வாங்கினதை நாங்கள் விடுதலை என்று கொண்டாடத் தேவையில்லை. யன்னல் இருக்கிறபடியால் கதவைப் பற்றிக் கேள்வி கேட்கிறதை விட்டுட்டம்.

எங்களுக்கு வேண்டியது இலவசம் இல்லை. வெளிநாட்டில் நிற்கிறவர் ஒரு சிறு வருடக் கட்டணம் கட்டி, கதைக்காமல் கொள்ளாமல், குறுஞ்செய்தி மட்டும் வருகிறமாதிரி நம்பரை வைத்திருக்க ஒரு வழி. துண்டிக்க முன் மின்னஞ்சலுக்கும் வீட்டில் உள்ள ஒருவருக்கும் அறிவித்தல். துண்டித்த நம்பரை விற்க முன், அது வங்கிகளில் பதிவாகியிருக்கிறதா என்று பார்க்கிற கட்டாயம். கடவுச்சீட்டைப் புதுப்பிக்கவும் பிள்ளையின் பிறப்பைப் பதியவும் தூதரகம் போதும் என்றால், ஒரு சிம்முக்கு ஏன் போதாது?

இதைக் கேட்கிற இடம் கம்பனியின் வாடிக்கையாளர் சேவை இல்லை. அங்கே இருக்கிற பிள்ளையும் எங்களைப்போல ஒன்று, பேச்சு வாங்குகிறதுக்கு மட்டும் சம்பளம். கேட்கவேண்டியது தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கிறம். மூன்றே கேள்வி. பாவனையில் இல்லாத நம்பரை எத்தனை நாளில் துண்டிக்கலாம் என்று கம்பனிகளுக்கு எழுத்தில் விதித்திருக்கிறீர்களா? துண்டித்ததை எத்தனை நாளுக்குப் பிறகு மற்றவருக்கு விற்கலாம்? வெளிநாட்டில் உள்ளவர்களிடம் இருந்து இதுபற்றி எத்தனை முறைப்பாடு வந்தது? தகவல் தருவதா இல்லையா என்று 14 வேலைநாளுக்குள் தீர்மானிக்கவேணும் என்பது சட்டம். தமிழில்தான் எழுதுறம். தமிழில் பதில் பெறுகிற உரிமை அரசியலமைப்பின் நாலாம் அத்தியாயத்தில் இருக்கிறது. சிம் செத்த கதை உங்களிடமும் இருந்தால், நம்பர் எப்ப எடுத்தது, எப்ப கடைசியாகப் பாவித்தது, எப்ப துண்டித்தார்கள் என்ற மூன்று திகதியோடு எழுதி அனுப்புங்கோ, விண்ணப்பத்துக்குப் பின்னால் போகிற முறைப்பாட்டுக் கடிதத்தில் சேர்ப்பம். பேர் போடமாட்டம்.