ஹெல்மெட் அபராதம் போட்டதும் பைக் திருட்டு குறைந்தது எப்படி?

பைக் திருட்டு, செல்போன் பறிப்பு என்று எந்தச் செய்தி வந்தாலும் உடனே எழும் குரல், ‘தண்டனையைக் கடுமையாக்குங்க’ என்பதுதான். ஆனால், திருட்டுக்கான தண்டனையில் கை வைக்காமலேயே பைக் திருட்டு சரிந்த நாடு ஒன்று உண்டு. அதுவும் யாரும் திட்டமிடாமல்!

மேற்கு ஜெர்மனியில் 1980-ல், ஹெல்மெட் போடாதவர்களுக்கு அந்த இடத்திலேயே அபராதம் விதிக்கத் தொடங்கினார்கள். நோக்கம் சாலைப் பாதுகாப்பு மட்டுமே. அந்த ஆண்டு சுமார் 1,53,000 ஆக இருந்த பைக் திருட்டு, 1986-ல் சுமார் 54,000 ஆனது.

என்ன காரணம்?

ரொம்ப சிம்பிள். பைக்கைப் பார்த்ததும் ஆசைப்பட்டுத் தூக்குகிறவர் கையில் ஹெல்மெட் இருக்காது. ஹெல்மெட் இல்லாமல் ஓட்டினால் போலீஸ் நிறுத்தும். மாட்டிக்கொள்ளும் பயத்தில் பலர் அந்தப் பக்கமே போகவில்லை.

‘இங்கே முடியலைன்னா வேற எங்காவது திருடுவாங்களே?’

நியாயமான கேள்விதான். அதே காலத்தில் கார் திருட்டு சில ஆயிரம் கூடியது. ஆனால், பைக்கில் குறைந்ததோ சுமார் ஒரு லட்சம். இதை ஆராய்ந்தவர்களில் ஒருவரான ரொனால்டு கிளார்க் முன்வைத்த ‘சூழல்சார் குற்றத் தடுப்பு’ சொல்வதும் இதைத்தான்: குற்றத்தைச் சிரமமாக்கு, மாட்டும் வாய்ப்பைக் கூட்டு, கிடைக்கும் லாபத்தைக் குறை.

இந்தியாவில் 2023-ல் நாடு முழுவதற்கும் வந்த ‘சஞ்சார் சாத்தி’ தளம் மூன்றாவது வழியைச் சேர்ந்தது. போன் தொலைந்தால் போலீஸில் புகார் கொடுத்துவிட்டு, அதன் ஐஎம்இஐ எண்ணை இதில் பதிந்து முடக்கலாம். பிறகு எந்த சிம் போட்டாலும் இந்திய நெட்வொர்க்குகளில் அது வேலை செய்யாது. விற்க முடியாத போனைத் திருடி என்ன பயன்? *#06# அழுத்தி அந்த எண்ணை இப்போதே குறித்துவைப்பது நல்லது.

பொறுப்பு யாருக்கு?

வாய்ப்பைக் குறைப்பது என்றால், ‘அந்த நேரத்துல ஏன் போன?’ என்று பாதிக்கப்பட்டவரைக் கேட்பதல்ல. தெருவிளக்கு எரியாததற்கு அந்த வழியாக நடந்து போகும் பெண் பொறுப்பாக முடியாது. எளிதில் உடையும் பூட்டோடு பைக்கை விற்கும் நிறுவனம், இருட்டான பஸ் ஸ்டாப்பைக் கண்டுகொள்ளாத மாநகராட்சி, மோசடிக் கணக்கை முடக்கத் தாமதிக்கும் வங்கி ஆகியவற்றிடம்தான் முதல் கேள்வியைக் கேட்க வேண்டும். திருடனைப் பிடிப்பது போலீஸ் வேலை. திருட்டைச் சுலபமாக்காமல் இருப்பது இவர்கள் வேலை.