கதவைத் திறந்து விடுங்கள்!

எல்ல என்னும் பெயரை இன்று உலகம் அறியும். 1921ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட ஒன்பது வளைவுப் பாலத்தின் மீது புகையிரதம் ஊர்ந்து வரும் காட்சியைக் காண்பதற்கென்றே கடல் கடந்து மக்கள் வருகின்றனர். அவர்கள் தங்கும் விடுதிகளில் அறைக்கொன்றாக மலசலகூடம் உண்டு. குழாயைத் திறந்தால் நீர் உண்டு. கதவுக்குத் தாழ்ப்பாள் உண்டு. இவற்றில் ஒன்று குறைந்தாலும் அடுத்த நாளே விருந்தினர் வேறிடம் தேடிப் போய்விடுவர். இதில் நாம் குறை காண்பதற்கு ஒன்றுமில்லை. ஆனால், அதே மலைகளின் மறுபுறத்தில், தேயிலைத் தோட்டங்களின் நடுவே நிற்கும் பாடசாலைகளில் நம் பெண் பிள்ளைகளுக்கு இம்மூன்றும் உண்டா என்று கேட்பார் யார்? விருந்தினன் வேறிடம் தேடிப் போகலாம். தோட்டத்துப் பிள்ளை எங்கே போவாள்?

சில வாரங்களுக்கு முன், எல்லப் பகுதித் தோட்டம் ஒன்றில் நடைபெற்ற சிறு கூட்டத்தில், பிள்ளைகளின் படிப்பை இடையில் நிறுத்தக் கூடாது என்று நாம் வழக்கம்போல் வற்புறுத்திப் பேசினோம். கூட்டம் கலைந்த பின்னர், கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்த தாயொருத்தி தயங்கித் தயங்கி நம்மருகே வந்தாள். "புள்ளைய நாள் தவறாம அனுப்பச் சொல்றீங்க ஐயா. அதுக்கு மாசத்துல நாலு நாளு தண்ணியாட்டம் போகுது. கக்கூசு பூட்டிக் கெடக்கு. வாத்தியார்கிட்ட எப்படிங்க கேக்கும்?" என்றாள். சட்டம் படித்த நமக்கு அவ்வேளையில் மறுமொழி கிடைக்கவில்லை. அந்தத் தாய்க்கு நாம் கொடுக்க வேண்டியிருந்த மறுமொழியே இத்தலையங்கம்.

ஒரு மாணவியின் காலைப் பொழுதைச் சற்றே எண்ணிப் பாருங்கள். பாடசாலை காலை ஏழரை மணிக்குத் தொடங்குகிறது. லயத்திலிருந்து மலைப்பாதையில் நடந்து வரும் பிள்ளை ஆறரை மணிக்கேனும் புறப்பட வேண்டும். இடைவேளை மணி அடிக்கும்போது அவள் வீட்டை விட்டு வந்து நான்கு மணித்தியாலம் கடந்திருக்கும். அந்தச் சிறு இடைவேளையில் நூறு பிள்ளைகள் ஒருங்கே ஓடுவர். அதன் பின் பிற்பகல் ஒன்றரை மணி வரை மீண்டும் வகுப்பு. இடையில் எழுந்து செல்ல வேண்டுமானால், நாற்பது பிள்ளைகளின் முன்னிலையில் கையை உயர்த்தி, பெரும்பாலும் ஆண் ஆசிரியர் ஒருவரிடம் அனுமதி பெற வேண்டும். "இப்போதுதானே இடைவேளை முடிந்தது?" என்ற ஒரு கேள்வி போதும், அப்பிள்ளை தலை குனிந்து அமர்ந்துவிடுவாள். மறுமாதம் அந்நாட்களில் அவள் பாடசாலைக்கே வரமாட்டாள்.

மாதவிடாய் எல்லாப் பெண்களுக்கும் ஒரே அளவாக வருவதன்று. ஒரு முறையில் 80 மில்லி லீற்றருக்கு மேற்பட்ட குருதி இழப்பையும், 7 நாட்களைக் கடந்து நீடிக்கும் போக்கையும் அளவு மீறியவை என்று மருத்துவ நூல்கள் கூறுகின்றன. அளந்து பார்ப்பதற்கு வழியில்லாத வீட்டில் அடையாளம் எளிது: ஒரு மணிக்கோ இரண்டு மணிக்கோ ஒருமுறை அணையாடை மாற்ற வேண்டியிருந்தால், பெருங்கட்டிகள் வெளிப்பட்டால், அது கவனிக்கப்பட வேண்டிய நிலையாகும். பூப்பெய்திய முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் உடலின் ஒழுங்கு முற்றும் அமையாமையால் இத்தகைய போக்கு சிறுமியரிடம் அரிதன்று. அவர்களுக்கு நான்கு மணி நேரம் காத்திரு என்று சொல்வது, சட்டை நனையும் வரை இரு என்று சொல்வதற்கு ஒப்பாகும்.

சிலரிடம் இதற்குப் பின்னால் நோயும் மறைந்திருக்கும். பின்லாந்து மருத்துவர் எரிக் வொன் வில்லிபிராண்ட், ஓலண்ட் தீவுகளைச் சேர்ந்த ஒரு குடும்பத்தைப் பரிசோதித்து, குருதி எளிதில் உறையாத ஒரு பரம்பரை நோயை 1926இல் உலகுக்கு அறிவித்தார். 5 வயதில் அவரிடம் கொண்டு வரப்பட்ட சிறுமி, 13ஆவது வயதில், தனது நான்காவது மாதவிடாயின் குருதிப் போக்கினாலேயே உயிர் துறந்தாள். அந்நோய் இன்று அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது, மருந்தும் உண்டு. நோய் இல்லாதவளுக்குங்கூட, மாதந்தோறும் மிகுதியாகக் குருதி போகுமாயின் இரும்புச் சத்துக் குறையும். சோர்வும் தலைச்சுற்றும் வரும். பாடம் மனத்தில் பதியாது. அவளைத்தான் "சோம்பேறி" என்று வகுப்பில் பெயரிட்டு விடுகிறோம்.

ஒரு சிறு கணக்கையும் போட்டுப் பார்ப்போம். மாதம் 3 நாள் வராதவள், பத்து மாதங்கள் கொண்ட பாடசாலை ஆண்டில் 30 நாட்களை இழக்கிறாள். ஏழாம் வகுப்பிலிருந்து பதினோராம் வகுப்பு வரை ஐந்தாண்டுகளில் 150 நாட்கள். அஃது ஏறத்தாழ ஒரு பாடசாலை ஆண்டின் முக்கால் பங்கு. சாதாரண தரப் பரீட்சையில் அவள் தவறும்போது தோட்டத்துப் பிள்ளைக்குக் கணிதம் வராது என்கிறோம். வராதது கணிதமா, அன்றிப் பூட்டிய கதவின் திறப்பா?

இது கற்பனையன்று. வோட்டர்எயிட், யுனிசெப் ஆகிய நிறுவனங்கள் தெற்காசியப் பாடசாலைகளைப் பற்றி 2018இல் வெளியிட்ட அறிக்கை, இலங்கை மாணவியரில் மூன்றில் இரு பங்கினர் முதல் மாதவிடாய் வரும் வரை அதைப் பற்றி ஒன்றும் அறியாதிருந்தனர் என்றும், மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் மாதத்தில் ஓரிரு நாட்கள் பாடசாலைக்கு வருவதில்லை என்றும் கூறிற்று. நாடு முழுவதற்கும் நிலை இதுவானால், நீர்க்குழாய் எட்டாத மலைத் தோட்டங்களின் நிலையை விரித்துரைக்கத் தேவையில்லை.

இவ்விடத்தில் நம்மவரை நோக்கியும் ஒரு சொல் சொல்ல வேண்டும். மகள் பூப்பெய்தினாள் என்றால் பந்தலிடுகிறோம், அழைப்பிதழ் அச்சிடுகிறோம், ஒலிபெருக்கி கட்டி ஊரைக் கூட்டுகிறோம், அதற்காகக் கடனும் படுகிறோம். முதலாவது மாதவிடாயை ஊருக்கெல்லாம் அறிவிக்கும் நாம், இரண்டாவதை வீட்டுக்குள்ளும் மறைக்கிறோம். தீட்டு என்றும் வெட்கம் என்றும் சொல்லி வாயை மூடுகிறோம். பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டங்களில் மதிலுக்கும் மேடைக்கும் பணம் திரட்டுவோர், பெண் பிள்ளைகளின் மலசலகூடத்தைப் பற்றிப் பேச எழுந்தவரைக் கண்டு சிரித்ததை நாமே பார்த்திருக்கிறோம். இந்தச் சிரிப்புக்கும் அந்தப் பூட்டுக்கும் தொடர்பு இல்லையென்று யார் சொல்ல முடியும்?

இனிச் சட்டத்துக்கு வருவோம். 5 வயது முதல் 14 வயது வரை ஒவ்வொரு பிள்ளையும் பாடசாலை செல்ல வேண்டும் என்று 1997இல் ஒழுங்கு விதி பிறந்தது. 2016இல் அவ்வெல்லை 16 வயதாக உயர்த்தப்பட்டது. அனுப்பாத பெற்றோர் சட்டத்தின் முன் குற்றவாளி ஆகின்றனர். நாம் கேட்பது இதுதான்: வந்தே தீர வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் அரசு, வந்தவள் மானத்தோடு இருப்பதற்கு இடம் கொடுக்கும் கடமையையும் அக்கட்டாயத்தோடு ஏற்றுக்கொண்டதாகாதா? ஒருவரை ஓரிடத்தில் இருக்கும்படி கட்டளையிடுகிறவர், அங்கே அவருடைய உடலின் தேவைக்கு வழி செய்து தர வேண்டும் என்பது சிறைச்சாலைக்கும் பொருந்தும் நீதி. பாடசாலைக்குப் பொருந்தாதா?

அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை, பால் காரணமாக எவருக்கும் பாகுபாடு காட்டலாகாது என்கிறது. பெண்களினதும் பிள்ளைகளினதும் முன்னேற்றத்துக்கெனச் சிறப்பேற்பாடு செய்வதையும் அதே உறுப்புரை அனுமதிக்கிறது. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே பூட்டு, ஒரே இடைவேளை என்பது பார்வைக்குச் சமத்துவம் போல் தோன்றலாம். தேவை வேறாயிருக்க விதி ஒன்றாயிருப்பது சமத்துவமன்று என்பது சட்டக் கல்லூரியின் முதலாண்டுப் பாடம்.

அயல் நாட்டைப் பாருங்கள். மலசலகூடம் இல்லாத பாடசாலைக்குப் பெற்றோர் பெண் பிள்ளைகளை அனுப்புவதில்லை என்பதைச் சுட்டிக்காட்டிய இந்திய உச்ச நீதிமன்றம், எல்லா மாநிலங்களும் ஆறு மாதத்துக்குள் பாடசாலைகளில் அவ்வசதியைச் செய்ய வேண்டும் என 2012 ஒக்டோபரில் கட்டளையிட்டது. 2023 ஏப்பிரலில், மாணவியரின் மாதவிடாய்ச் சுகாதாரத்துக்கு நாடு முழுவதற்கும் ஒரே கொள்கை வகுக்குமாறு மத்திய அரசைப் பணித்தது. கட்டளையிட்டவுடன் அங்கே எல்லாம் சீராகிவிட்டன என்று நாம் சொல்லவில்லை. ஆனால் இது நீதிமன்றத்தில் பேசத்தகாத வெட்கக்கேடான விடயம் என்ற எண்ணம் அங்கே ஒழிந்தது.

நமது அரசாங்கமும் ஒன்றும் செய்யவில்லை என்று கூறுவது நேர்மையாகாது. 2018இல் இறக்குமதி அணையாடை மீது நூறு வீதத்துக்கு மேற்பட்டிருந்த வரி பின்னர் படிப்படியாகக் குறைக்கப்பட்டது. 2024இல், வறிய, பின்தங்கிய பாடசாலைகளைச் சேர்ந்த ஏறத்தாழ 8 இலட்சம் மாணவியருக்குத் தலைக்கு 1,200 ரூபா பெறுமதியான அணையாடைச் சீட்டு வழங்கத் தீர்மானிக்கப்பட்டது. நன்று, வரவேற்கிறோம். ஆயினும், அணையாடையைக் கையில் கொடுத்துவிட்டு மாற்றும் இடத்தைப் பூட்டி வைத்தால் பயன் யாது? மேலும், எல்லோருக்கும் ஒரே தொகை என்றால், மணிக்கொருமுறை மாற்ற வேண்டியவளின் பங்கு மற்றவளுக்கு முன்னரே தீர்ந்துவிடும்.

தோட்டப் பாடசாலைகளுக்கு வேறொரு வரலாறும் உண்டு. நாட்டின் ஏனைய பிள்ளைகள் 1945 முதல் இலவசக் கல்வி பெற்றபோது, தோட்டப் பாடசாலைகள் துரைமாரின் தயவில் கிடந்தன. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையான பின்னரே அவை ஒவ்வொன்றாக அரசின் கைக்கு வந்தன. பாடசாலை அரசினது, நிலமும் நீரூற்றும் தோட்டத்தினது, பாதையோ எவருடையதும் அன்று. தோட்டத்துக்குள் பணம் செலவிடப் பிரதேச சபைக்கு 1987ஆம் ஆண்டின் சட்டம் தடையாக உள்ளது என்று நெடுங்காலம் காரணம் கூறினர். அத்தடை 2018இல் திருத்தத்தின் மூலம் நீக்கப்பட்டுவிட்டது. காரணம் போன பின்பும் குழாய் வராததற்கு இனி என்ன காரணம்? மாகாணப் பாடசாலைகளுக்குப் பொறுப்பான ஊவா மாகாண சபையின் பதவிக் காலம் 2019இல் முடிந்தபின், தேர்தலின்றி ஆண்டுகள் பல கழிந்தன. கேட்பதற்கும் ஆளில்லை, சொல்வதற்கும் ஆளில்லை.

பூட்டுப் போடும் அதிபரைப் பழித்து இதை முடித்துவிடுதல் எளிது. அவருடைய பக்கமும் உண்டு. ஆடி, ஆவணியில் கச்சான் காற்று வீசும்போது ஊவாத் தேயிலைக்கு உலகம் மெச்சும் மணம் ஏறுகிறது. அதே வறண்ட காற்று தோட்டத்து ஊற்றுகளையும் வற்றச் செய்கிறது. நீரில்லாத மலசலகூடம் இரண்டே நாளில் நாறும். துப்புரவுத் தொழிலாளி இல்லை. சம்பளத்துக்கு நிதி இல்லை. ஆகவே பூட்டுகிறார். அவருக்கு வேண்டியது கண்டனமன்று. தண்ணீர்த் தாங்கியும் ஒரு தொழிலாளியுமே.

எனவே நாம் கோருவன பெருஞ்செலவு பிடிப்பனவல்ல. முதலாவது, வகுப்பு வேளையில் மலசலகூடம் செல்ல எழும் மாணவியை எவரும் தடுக்கலாகாது, காரணம் கேட்கலாகாது என்று கல்வி அமைச்சு தெளிவான சுற்றுநிருபம் அனுப்ப வேண்டும். இதற்கு ஒரு சதமும் செலவில்லை. அதிக உதிரப்போக்குள்ள பிள்ளை ஆசிரியை ஒருவரிடம் ஒருமுறை சொன்னால் போதும். ஆண்டு முழுவதும் அவளுக்கு அனுமதி நிற்க வேண்டும். இரண்டாவது, பாடசாலை வேளையில் பெண்களின் மலசலகூடம் ஒன்றேனும் பூட்டப்படாது, தாழ்ப்பாளும் நீரும் மூடியுள்ள கழிவுக் கூடையும் உடையதாய் இருக்க வேண்டும். மழைநீரைச் சேமிக்கும் தாங்கி ஒன்றைக் கூரையோடு இணைப்பது மலைநாட்டில் அரிய வித்தையன்று. மூன்றாவது, பொதுச் சுகாதாரப் பரிசோதகர் பாடசாலையைப் பற்றித் தரும் சுகாதார அறிக்கையைப் பெற்றோர் காணும்படி அறிவித்தற் பலகையில் இட வேண்டும். நான்காவது, ஏழாம், பத்தாம் வகுப்புகளில் நடைபெறும் பாடசாலை மருத்துவப் பரிசோதனையின்போது பெண் உத்தியோகத்தர் ஒருவர் தனிமையில் இதைக் கேட்டறிந்து, வேண்டியவளைக் குருதிப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். ஐந்தாவது, மருத்துவச் சான்று உள்ளவளுக்கு அணையாடைச் சீட்டின் தொகையைக் கூட்டித் தர வேண்டும்.

2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலும் மண்சரிவுகளும் பதுளை மாவட்டத்தை உருக்குலைத்தன. இடிந்தவற்றை மீண்டும் எழுப்பும் வரைபடங்களில் வகுப்பறைக்கு முன் மலசலகூடத்தை வரையுங்கள் என்று பொறியியலாளரைக் கேட்டுக்கொள்கிறோம்.

வாசகர்களே! உங்களில் மருத்துவர் உண்டு. மாதத்தில் ஒரு மணி நேரம் அயற் பாடசாலை ஒன்றில் பேசுங்கள். வழக்கறிஞர் உண்டு; சுற்றுநிருபம் வராவிடில் மனு எழுதுவதற்கு நம்மோடு அமருங்கள். வெலிமடையிலும் பண்டாரவளையிலும் மரக்கறி பயிரிடும் கமக்காரர் உண்டு. வரப்புக்கு வரப்பு நீர் கொண்டுபோகும் வித்தை உங்களுக்குத் தெரியும். உங்கள் ஊர்ப் பாடசாலையின் தாங்கிக்கு ஒரு குழாய் இழுத்துக் கொடுங்கள். தந்தையராகிய எல்லோரும் அடுத்த அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் எழுந்து, "திறப்பு யாரிடம் உள்ளது?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். சிரிப்பவர் சிரிக்கட்டும்.

கொழுந்து பறிக்கும் மலையில் மலசலகூடம் இன்றித் தாய் தேயிலைச் செடியின் மறைவில் ஒதுங்கினாள். பாட்டியும் அவ்வாறே ஒதுங்கினாள். மகளேனும் ஒதுங்காதிருக்கவே அவளைப் பள்ளிக்கு அனுப்பினாள். அவளிடமிருந்து கூடையை வாங்கி வைத்துவிட்டுப் புத்தகத்தைக் கொடுத்த நாம், ஒரு கதவைத் திறந்து கொடுக்க மாட்டோமா?