அலெக்சாந்திரியா நூலகத்தை நெருப்பா தின்றது?

எகிப்தின் துறைமுக நகரமான அலெக்சாந்திரியாவில் உலக அறிவையெல்லாம் சேர்த்துவைத்த நூலகம் இருந்தது. யாரோ தீ வைத்தார்கள். ஒரே இரவில் எல்லாம் சாம்பல். மேடைதோறும் கேட்கும் இந்தக் கதையில், தீ வைத்தவர் பெயர் மட்டும் சொல்பவருக்கேற்ப மாறும். ஜூலியஸ் சீசர், ஆயர் தியோபிலஸ், கலீபா உமர் என மூவர் கூண்டில் நிற்கிறார்கள்.

உமர்மீதான பழிதான் மிக மோசமானது. இன்றும் ஒரு சமயத்தாரையே அறிவின் பகைவர்களாகக் காட்டப் பயன்படுகிறது. 642இல் நகரம் அரபுகள் கைக்கு வந்ததும் உமர் ஆணைப்படி நூல்கள் 4,000 குளியல் மண்டபங்களுக்கு ஆறு மாதம் விறகாயினவாம். இது விரிவாக எழுதப்பட்டதே 13ஆம் நூற்றாண்டில்தான். அரபுப் படையெடுப்பை அதே ஏழாம் நூற்றாண்டில் எழுதிய எகிப்திய ஆயர், நிக்கியூ யோவான், இதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. நூல்களைத் தரும்படி மன்றாடியதாகச் சொல்லப்படும் அறிஞர் பிலோபோனஸ், 642இல் உயிரோடு இருந்திருந்தால் அவருக்கு 150 வயது. கணக்கும் உதைக்கிறது. பழைய நூல்கள் சொல்லும் மிகப் பெரிய தொகையான 7,00,000 சுருள்களையே எடுத்துக்கொண்டாலும், 4,000 மண்டபங்களுக்கு 180 நாள் பங்கிட்டால் மண்டபத்துக்கு நாளொன்றுக்கு ஒரு சுருள்கூடத் தேறாது. அதில் ஒரு குடம் தண்ணீராவது சுடுமா?

சீசர் கி.மு. 48இல் துறைமுகத்தில் கப்பல்களுக்குத் தீயிட்டதும், அது கரைக்குப் பரவி நூல்கள் எரிந்ததும் உண்மை. ஆனால் அதற்குப் பிறகும் அறிஞர்கள் அங்கே கூடி வாழ்ந்ததையும் அவர்களின் பொது உணவுக்கூடத்தையும் கிரேக்கப் புவியியலாளர் ஸ்திராபோ எழுதியிருக்கிறார். அந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கே உழைத்த அறிஞர் திதிமஸ் 3,500 நூல்கள் எழுதியதாகச் சொல்வார்கள். கையில் ஏடில்லாமல் அது முடிகிற காரியமா?

ஒருகாலத்தில் கிளை நூலகம் இருந்த செராப்பிஸ் கோயிலைத் தியோபிலஸ் 391இல் இடித்தார், அது கொடுமைதான். ஆனால் பெருநூலகம் இருந்தது அரண்மனைப் பகுதியில். அந்தப் பகுதியோ 270களில், பேரரசர் அவுரேலியன் காலப் போரிலேயே பாழாகிவிட்டது.

அப்படியானால் நூல்கள் எங்கே போயின? சுவடி பார்த்த தமிழருக்கு இதில் புதிர் இல்லை. பெயர்த்தெழுத ஆளில்லாத ஏடு தானாகவே செல்லரித்துப் போகும்; கடலோர ஈரத்தில் பப்பைரஸ் நாணல் சுருளும் அப்படித்தான். பெயர்த்தெழுதும் வேலைக்கு வேண்டியவை சம்பளம், எழுத்தர்கள், அக்கறையுள்ள அரசு. கி.மு. 145இல் எகிப்து அரசன் எட்டாம் தாலமி, தன்னை எதிர்த்தவர்கள் என்று அறிஞர்களை நகரைவிட்டே விரட்டினான். தலைமை நூலகர் அரிஸ்தார்க்கஸ் சைப்ரஸ் தீவுக்கு ஓடினார். பின்னர் அந்தப் பதவி ஈட்டிப் படையைச் சேர்ந்த கிதாஸ் என்பவனுக்குப் போனது. இதைச் சொல்லும் நூலகர் பட்டியலின் துண்டு கிடைத்தது அலெக்சாந்திரியாவில் அல்ல. தெற்கே பாலைவன ஓரத்து ஆக்ஸிரிங்கஸ் ஊரின் பழங்காலக் குப்பைமேட்டில்.